சென்னை ஆமை நடை

சென்னை ஆமை நடை என்பது, முட்டையிடுவதற்காகக் கரையேறும் கடலாமைகளையும் அவற்றின் கூடுகளையும் பாதுகாக்கும் நோக்கில், தன்னார்வலர்கள் சென்னைக் கடற்கரையில் இரவு நேரத்தில் மேற்கொள்ளும் கண்காணிப்பு நடையாகும். ஆண்டுதோறும் ஏறத்தாழ ஜனவரி முதல் ஏப்ரல் வரை இது நடைபெறுகிறது. 1970களின் தொடக்கத்தில் ஒரு சிலரின் முயற்சியாகத் தோன்றிய இந்நடை, 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு என்னும் தன்னார்வக் குழுவினால் தொடர்ந்து நடத்தப்பட்டு வருகிறது. கூடுகளைக் கண்டறிந்து முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுவதே இதன் முதன்மைப் பணி எனினும், பொதுமக்களும் இதில் பங்கேற்கலாம் என்பதால், நகரவாசிகளுக்கான இயற்கைக் கல்வி முயற்சிகளுள் நெடுங்காலம் நீடித்து வரும் ஒன்றாகவும் இது அமைந்துள்ளது.

பின்னணி

இந்தியக் கடற்பகுதியில் ஐந்து வகைக் கடலாமைகள் காணப்படுகின்றன. அவை பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, தோணியாமை என்பனவாகும். இவற்றுள் சென்னைக் கரையில் வழக்கமாக முட்டையிடுவது பங்குனி ஆமையே. இது ஆலிவ் ரிட்லி எனவும், சிற்றாமை எனவும் அழைக்கப்படுகிறது. கடலாமைகளுள் மிகச் சிறியவற்றுள் இதுவும் ஒன்று. வளர்ந்த ஆமையின் மேலோடு 60 முதல் 70 செ.மீ நீளமும், உடல் 35 முதல் 50 கிலோகிராம் எடையும் கொண்டிருக்கும்.

ஒடிசா மாநிலத்தின் கஹிர்மாதா, ருசிகுல்யா ஆகிய கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் சில இரவுகளுக்குள் பல்லாயிரக்கணக்கில் ஒன்றாகக் கரையேறுகின்றன. சென்னையில் அவ்வாறான பெருந்திரள் நிகழ்வதில்லை. இங்கு ஆமைகள் தனித்தனியாக, வெவ்வேறு இரவுகளில், வெவ்வேறு இடங்களில் கரையேறுகின்றன. எந்த இரவில், எந்த இடத்தில் ஆமை வரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆகவே, கரை முழுவதையும் ஒவ்வோர் இரவும் நடந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆமை நடை தோன்றியதற்கும், ஏறத்தாழ அதே வடிவில் இன்றளவும் தொடர்வதற்கும் இதுவே காரணமாகும்.

ஆண் ஆமைகள் பொரித்துக் கடலுக்குள் சென்றபின் பொதுவாகக் கரைக்குத் திரும்புவதில்லை. பெண் ஆமைகள் முட்டையிடும் பொருட்டு மட்டும், பெரும்பாலும் இரவில், ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட காலம் கரையில் தங்குகின்றன. பெண் ஆமை மேல் அலைமட்டத்தைக் கடந்து வந்து, பின்துடுப்புகளால் ஏறத்தாழ 45 செ.மீ ஆழமுள்ள குடுவை வடிவக் குழியைத் தோண்டி, 100 முதல் 120 வரையிலான முட்டைகளை இடுகிறது. பின்னர் மணலால் மூடி, உடலை இருபுறமும் மாறி மாறி அசைத்து மணலைத் தட்டி இறுக்கிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. அதன்பின் அக்கூட்டை அது பாதுகாப்பதில்லை. முட்டைகள் 45 முதல் 60 நாட்களில் பொரிக்கின்றன.

மனித நடமாட்டம் குறைந்த கரையில் இந்த ஏற்பாடு போதுமானது. ஒரு பெருநகரின் கரையில் அவ்வாறில்லை. தெருநாய்கள் கூடுகளைத் தோண்டுகின்றன. முட்டைகள் உணவுக்காகவும் விற்பனைக்காகவும் எடுக்கப்பட்ட காலமும் இருந்தது. இவற்றிலிருந்து தப்பிப் பொரிக்கும் குஞ்சுகளும் நகர விளக்குகளால் திசைமாறிச் சாலையை நோக்கிச் செல்கின்றன. கடலாமைகள் 1972ஆம் ஆண்டின் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. எனவே ஆமைகளைப் பிடிப்பதும், கொல்வதும், முட்டைகளை எடுப்பதும் தண்டனைக்குரிய குற்றங்களாகும்.

வரலாறு

சென்னைக் கடற்கரையில் கடலாமைகளுக்கான முதல் முறையான தேடல்கள் 1970களின் தொடக்கத்தில் நடைபெற்றன. ரோமுலஸ் விட்டேக்கர் நிறுவிய சென்னைப் பாம்புப் பண்ணையைச் சார்ந்த இளைஞர்கள் நகரின் தெற்கேயுள்ள கரைகளில் இரவில் நடந்து கூடுகளைத் தேடினர். வேறு எவரும் எடுத்துச் செல்வதற்கு முன்னர் முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைத்துப் பொரிக்கச் செய்வது அவர்களது முறையாக இருந்தது. இக்குழுவில் இருந்த சதீஷ் பாஸ்கர், பிற்காலத்தில் இலட்சத்தீவுகள், அந்தமான் நிக்கோபார் தீவுகள் உள்ளிட்ட பகுதிகளின் கரைகளை நடந்தே ஆய்வு செய்து, இந்தியக் கடலாமை ஆய்வின் முன்னோடியாகக் கருதப்படுகிறார்.

1970களின் பிற்பகுதியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோவளத்தில் ஒரு பொரிப்பகத்தை நடத்தியது. 1980களில் தமிழ்நாடு வனத்துறையும் பொரிப்பகங்களை நடத்தியது. அரசுத்துறையின் இம்முயற்சி அப்பத்தாண்டின் இறுதியில் தொடராத நிலையில், 1988இல் கல்லூரி மாணவர்கள் சிலர் ஒன்றிணைந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பைத் தொடங்கினர். அவர்களுள் ஒருவரான கார்த்திக் சங்கர் பின்னர் கடலாமை ஆய்வாளராகி, இந்தியாவில் கடலாமைப் பாதுகாப்பின் வரலாற்றைக் கூறும் நூலொன்றை 2015இல் வெளியிட்டார்.

மாணவர் குழுக்கள் பொதுவாக ஒரு தலைமுறை மாணவர்கள் படிப்பை முடித்ததும் கலைந்துவிடுவது வழக்கம். இவ்வலையமைப்பு அவ்வாறு கலையாமல் முப்பத்தைந்து ஆண்டுகளைக் கடந்துள்ளது. படிப்பை முடித்து வேலைக்குச் சென்றவர்களும் பருவந்தோறும் திரும்பி வந்து புதியவர்களைப் பழக்குவது இத்தொடர்ச்சிக்கு உதவியுள்ளது. இரவு முழுவதும் நடந்துவிட்டுக் காலையில் வகுப்புக்கோ அலுவலகத்துக்கோ செல்வது இதன் தன்னார்வலர்களுக்குப் பழகிய ஒன்றாகும்.

2002இல் சுப்ரஜா தாரணி தொடங்கிய ட்ரீ அறக்கட்டளை, நீலாங்கரையை மையமாகக் கொண்டு மீனவ இளைஞர்களைப் பாதுகாப்புக் குழுக்களாக அமைத்துப் பணியாற்றி வருகிறது. தமிழ்நாடு வனத்துறையும் தற்போது சென்னையிலும் பிற கடலோர மாவட்டங்களிலும் பொரிப்பகங்களை நடத்துகிறது. தன்னார்வக் குழுக்களின் பணி வனத்துறையின் இசைவுடனேயே நடைபெறுகிறது.

நடைபெறும் முறை

நடையின் முதன்மையான பாதை நீலாங்கரையிலிருந்து வடக்கே கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாகப் பெசன்ட் நகர் வரையிலான ஏறத்தாழ 7 கி.மீ தொலைவாகும். அடையாறு முகத்துவாரத்துக்கு வடக்கே மெரினா, பட்டினப்பாக்கம் கரைகளிலும் மற்றொரு குழு நடப்பதுண்டு. நடை நள்ளிரவை ஒட்டித் தொடங்கி விடியலுக்கு முன்னர் நிறைவடைகிறது.

நடையை இரவில் நிகழ்த்துவதற்கு உயிரியல் அடிப்படையிலான காரணம் உண்டு. இடப்பட்ட சில மணி நேரத்துக்குள், முட்டையினுள் இருக்கும் கரு மேற்புற ஓட்டின் உட்பகுதியில் ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு பிய்ந்து இறந்துவிடக்கூடும். கோழிமுட்டையை அடைகாக்கும்போது புரட்டிவிடுவது நன்மை தருவது போலன்றி, கடலாமை முட்டைக்குப் புரட்டுதல் கேடாக முடிகிறது. ஆகவே முட்டைகளை இடம் மாற்றுவதாயின் அன்றிரவே மாற்ற வேண்டும். மேலும், காலையில் கரையில் மக்கள் நடமாட்டம் தொடங்கியவுடன் ஆமையின் தடங்கள் அழிந்துவிடுகின்றன.

தடம் காணுதல்

பங்குனி ஆமை ஊர்ந்து செல்லும்போது மணலில் ஏறத்தாழ 70 முதல் 80 செ.மீ அகலமுள்ள தடம் பதிகிறது. முன்துடுப்புகளை மாற்றி மாற்றி எடுத்து வைப்பதால், இருபுறமும் உள்ள பதிவுகள் நேருக்கு நேராக அமையாமல் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்திருக்கும். இரு முன்துடுப்புகளையும் ஒருசேர இயக்கும் பேராமையின் தடம் இருபுறமும் சமச்சீராக இருக்கும். இவ்வேறுபாட்டைக் கொண்டு ஆமையைக் காணாமலேயே அதன் வகையை அறியலாம்.

ஏறிய தடமும் இறங்கிய தடமும் சந்திக்கும் இடத்தில் மணல் கலைந்து காணப்படும். அப்பகுதியில் மெல்லிய கோலால் மெதுவாக அழுத்திப் பார்க்கும்போது, கூட்டின் வாய்க்கு நேர் மேலே மணல் சற்று எளிதில் உள்வாங்கும். அவ்விடத்தைக் கையால் தோண்டி முட்டைகளை அடைகின்றனர். கோலை மிகுதியாக அழுத்தினால் முட்டைகள் உடையும் என்பதால், பழகிய தன்னார்வலர்களே இதைச் செய்கின்றனர். சில நேரங்களில் ஆமை கரையேறி, முட்டையிடாமலேயே திரும்பிவிடுவதும் உண்டு. ஒளி, ஓசை, மனித நடமாட்டம் ஆகியவை இதற்குப் பெரும்பாலும் காரணமாகின்றன.

முட்டைகளை எடுத்தல்

முட்டைகள் ஒவ்வொன்றாக எண்ணப்பட்டு, கூட்டின் ஈரமணலுடன் துணிப்பையில் வைக்கப்படுகின்றன. கூட்டின் ஆழம், வாயின் அகலம், கண்டறியப்பட்ட நேரம், இடம், அலைமட்டத்திலிருந்து தொலைவு ஆகியவை குறித்துக்கொள்ளப்படுகின்றன. முட்டையிட்டுக் கொண்டிருக்கும் ஆமை காணப்பட்டால், அது தன் பணியை முடித்துத் திரும்பும் வரை எவரும் அதன் முன்புறம் செல்வதில்லை, ஒளியும் பாய்ச்சுவதில்லை.

பொரிப்பகம்

பொரிப்பகம் என்பது மேல் அலைமட்டத்துக்கு அப்பால் வேலியிடப்பட்ட ஒரு மணற்பரப்பு ஆகும். பெசன்ட் நகர்க் கடற்கரையில் மாணவர் வலையமைப்பின் பொரிப்பகம் பருவந்தோறும் மூங்கில் கொண்டு புதிதாக அமைக்கப்படுகிறது. கொண்டுவரப்படும் முட்டைகள், ஆமை தோண்டியிருந்த அதே ஆழத்திலும் அகலத்திலும் கையால் அமைக்கப்படும் குழிகளில் இடப்படுகின்றன. ஒவ்வொரு குழிக்கும் நாள், முட்டைகளின் எண்ணிக்கை ஆகியவை எழுதப்பட்ட அடையாள அட்டை நடப்படுகிறது. பொரிக்கும் நாள் நெருங்கியதும் குழியின் மீது கூடை கவிழ்க்கப்படுகிறது. இதனால் வெளிவரும் குஞ்சுகள் சிதறாமல் இருப்பதுடன், எண்ணவும் எளிதாகிறது. எல்லாக் குஞ்சுகளும் வெளிவந்த பின்னர் குழி தோண்டப்பட்டு, பொரிக்காத முட்டைகளும் கணக்கிடப்படுகின்றன.

வெப்பநிலையும் பாலினமும்

கடலாமைகளில் பாலினம் மரபணுக்களால் தீர்மானிக்கப்படுவதில்லை. அடைகாலத்தின் நடு மூன்றிலொரு பகுதியில் கூட்டினுள் நிலவும் வெப்பநிலையே அதைத் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 29 முதல் 30 பாகை செல்சியசு அளவில் ஆண், பெண் இரண்டும் கலந்து பொரிக்கும். அதற்கு மேல் பெண் குஞ்சுகளும், கீழ் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகும். வெப்பம் மேலும் கூடினால் கருக்கள் இறக்கின்றன.

இதனால் பொரிப்பகத்தின் இடமும் ஆழமும் முக்கியத்துவம் பெறுகின்றன. குழி ஆழம் குறைந்தால் வெப்பம் கூடும். பருவத்தின் பிற்பகுதியில் இடப்படும் முட்டைகளின் அடைகாலம் ஏப்ரல், மே மாத வெயிலில் அமைவதால், சில பொரிப்பகங்களில் மணலுக்கு மேல் நிழல் அமைக்கப்படுகிறது. புவி வெப்பமடைதலினால் பெண் குஞ்சுகளின் விகிதம் தொடர்ந்து உயரக்கூடும் என்பது உலகெங்கும் கடலாமை ஆய்வாளர்களின் கவலையாக உள்ளது.

குஞ்சுகளை விடுதல்

குஞ்சுகள் பொதுவாக மணல் குளிர்ந்த பின்னர் இரவில் ஒன்றாக மேலெழுகின்றன. அவை பொரிப்பகத்திலிருந்து நேரே கடல்நீரில் விடப்படுவதில்லை. நீர்விளிம்பிலிருந்து சற்றுத் தொலைவில், மணலில் விடப்பட்டுத் தாமே ஊர்ந்து செல்ல அனுமதிக்கப்படுகின்றன. தாம் பிறந்த கரைப்பகுதியைப் பின்னர் அடையாளம் கண்டு திரும்புவதற்கான பதிவு இத்தொடக்க நேரத்தில் ஏற்படுகிறது எனக் கருதப்படுவதே இதற்குக் காரணம். உடலில் எஞ்சியிருக்கும் கருவுணவைக் கொண்டே குஞ்சு முதல் சில நாட்கள் ஆழ்கடலை நோக்கி இடைவிடாது நீந்துகிறது. ஆகவே பார்வையாளர்களுக்குக் காட்டுவதற்காகக் குஞ்சுகளைத் தொட்டிகளிலோ வாளிகளிலோ வைத்திருப்பது அவற்றின் ஆற்றலை வீணாக்கும்.

இயற்கைக் கல்வி

பருவக் காலத்தில் வார இறுதி இரவுகளில் பொதுமக்கள் நடையில் சேர்த்துக் கொள்ளப்படுகின்றனர். பள்ளி மாணவர்கள், குடும்பங்கள், அலுவலகக் குழுக்கள் எனப் பலதரப்பினரும் பங்கேற்கின்றனர். நடை தொடங்கும் முன்னர் கடற்கரையில் அமர்ந்து ஆமையின் வாழ்க்கை, அதற்குள்ள இடர்கள், நடையில் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு ஆகியவை விளக்கப்படுகின்றன.

உயிரியல் பூங்காக்களைப் போலன்றி, இங்கு விலங்கைக் காண்போம் என்ற உறுதி பங்கேற்பாளருக்கு அளிக்கப்படுவதில்லை. பல இரவுகளில் ஆமையோ கூடோ தென்படாமலேயே நடை முடிவடைகிறது. எனினும் 7 கி.மீ தொலைவை இருளில் நடந்து முடிப்பவர், கரையோரக் கட்டடங்களின் விளக்குகள் மணலில் எவ்வளவு தூரம் விழுகின்றன என்பதையும், கழிவுநீர் எங்கெல்லாம் கடலில் கலக்கிறது என்பதையும், கட்டுமரமும் படகும் நிறுத்தப்பட்டுள்ள மீனவக் குப்பங்கள் நகரின் எந்தெந்தப் பகுதிகளில் உள்ளன என்பதையும் நேரில் காண்கிறார். இறந்து ஒதுங்கிய ஆமையைக் காணும் வாய்ப்பு, உயிருள்ள ஆமையைக் காணும் வாய்ப்பை விடப் பல பருவங்களில் கூடுதலாகவே உள்ளது. நகரத்தின் கடற்கரை ஒரு பொழுதுபோக்கு இடம் மட்டுமன்று, பிற உயிர்களின் வாழிடமும் ஆகும் என்னும் புரிதல் இவ்வாறு ஏற்படுகிறது.

நடையின் மற்றொரு பயன் தரவு சேகரிப்பாகும். இறந்து ஒதுங்கும் ஆமைகளின் இடம், நீளம், பாலினம், காயங்கள் ஆகியவை பதிவு செய்யப்படுகின்றன. மேலோட்டைத் தாண்டி நீளும் வாலைக் கொண்டு வளர்ந்த ஆண் ஆமையை அடையாளம் காணலாம். ஒரே ஆமை மறுமுறை எண்ணப்படாதிருக்க அதன் மீது அடையாளமிடப்படுகிறது. கூடுகளின் எண்ணிக்கையும் இறப்புகளின் எண்ணிக்கையும் ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறுபடுவதால், ஓரிரு ஆண்டுகளின் கணக்கைக் கொண்டு எம்முடிவுக்கும் வர இயலாது. பல பத்தாண்டுகள் இடைவிடாது நடந்து திரட்டிய கணக்கு என்பதே இத்தரவின் மதிப்பாகும்.

மீனவ ஊர்களின் பங்கு

ஆமை நடை நிகழும் கரை முழுவதும் மீனவ ஊர்களின் வாழிடமாகும். கரையேறும் ஆமையை முதலில் காண்பவர்கள் பெரும்பாலும் விடியலில் கடலுக்குச் செல்வோரும், கரையில் உறங்குவோருமே. தொடக்கக் காலத்தில் முட்டை எடுப்பவர்களாக இருந்த சிலரின் தடம் காணும் திறனே பின்னர் பாதுகாப்புக்கும் பயன்பட்டது. வலையில் சிக்கிய ஆமையை அறுத்து விடுவிக்கும் சிறுதொழில் மீனவர், தம் வலையின் ஒரு பகுதியை இழக்கிறார். இவ்விழப்பு பொதுவாக எவராலும் ஈடுசெய்யப்படுவதில்லை.

கரையைக் காப்பதில் ஆமை ஆர்வலர்களின் நலனும் மீனவர்களின் நலனும் ஒன்றுபட்ட நிகழ்வுகளும் உண்டு. மெரினா கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை கடற்கரையை ஒட்டி உயர்மட்டச் சாலை அமைக்கும் திட்டம் 2000களின் இறுதியில் முன்வைக்கப்பட்டபோது, வாழிடத்தையும் படகு நிறுத்தும் இடத்தையும் இழக்கவிருந்த மீனவ ஊர்களும், முட்டையிடும் கரை அழியும் எனக் கூறிய தன்னார்வலர்களும் அதனை ஒன்றாக எதிர்த்தனர். அச்சாலை கட்டப்படவில்லை.

அச்சுறுத்தல்கள்

ஒளி

பொரித்த குஞ்சுகள் தாழ்வான, ஒளிமிகுந்த தொடுவானத்தை நோக்கிச் செல்லும் இயல்புடையவை. இயற்கையான கரையில் நிலப்பகுதி இருண்டும், கடற்பகுதி விண்மீன்களின் ஒளியைப் பிரதிபலித்துச் சற்று வெளிச்சமாகவும் இருக்கும். நகரக் கரையில் இந்நிலை தலைகீழாக மாறுகிறது. உயர்கோபுர விளக்குகள், உணவகங்கள், குடியிருப்புகள் ஆகியவற்றின் ஒளியை நோக்கிச் செல்லும் குஞ்சுகள் நீரிழப்பினாலும், நாய்களாலும், ஊர்திகளாலும் இறக்கின்றன. இதனால் பருவக் காலத்தில் கடற்கரை விளக்குகளை இரவில் அணைக்குமாறு தன்னார்வலர்கள் மாநகராட்சியிடம் கோரி வந்துள்ளனர். பல பருவங்களில் சில பகுதிகளில் விளக்குகள் அணைக்கப்பட்டும் உள்ளன.

இழுவை மடி

வளர்ந்த ஆமைகளின் இறப்புக்கு முதன்மைக் காரணம் விசைப்படகுகளின் இழுவை மடிகளாகும். ஆமை நுரையீரலால் மூச்சு விடும் விலங்கு. கடலடியில் இழுக்கப்படும் மடிக்குள் சிக்கும் ஆமை மேலே வந்து மூச்செடுக்க இயலாமல் இறக்கிறது. மடி இழுக்கப்படும் நேரம் கூடக்கூட இறப்பும் கூடுகிறது. முட்டையிடும் பருவத்தில் ஆமைகள் கரையை ஒட்டிய கடலில் கூடுவதும், அதே பகுதியில் இறால் மிகுந்திருப்பதும் இவ்விடரைப் பெருக்குகின்றன.

1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ், விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைல் தொலைவுக்குள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. கரையோரக் கடலைச் சிறுதொழில் மீனவர்களுக்கு ஒதுக்குவதே இவ்வரம்பின் நோக்கமாயினும், முறையாக நடைமுறைப்படுத்தப்பட்டால் ஆமைகளுக்கும் இது காப்பாக அமையும். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் உள்ளது. மீன்வளப் பெருக்கத்துக்காக வகுக்கப்பட்ட இக்காலம், ஜனவரி முதல் மார்ச் வரையிலான ஆமைகளின் முதன்மைப் பருவம் முடிந்த பின்னரே தொடங்குகிறது என்பது கவனிக்கத்தக்கது.

ஆமை விலக்குக் கருவி என்பது இழுவை மடியின் கடைசிப் பைக்கு முன்னால் பொருத்தப்படும் சாய்வான கம்பிச் சட்டம் ஆகும். இறாலும் சிறுமீன்களும் கம்பிகளின் இடைவெளி வழியே பைக்குள் செல்லும். ஆமை கம்பிகளில் மோதி, அருகிலுள்ள திறப்பு வழியே வெளியேறும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இந்திய நிலைமைகளுக்கு ஏற்ற கருவியை வடிவமைத்துள்ளது. திறப்பின் வழியே மீன்களும் வெளியேறிவிடும் என்னும் அச்சத்தால் படகு உரிமையாளர்கள் இதனைப் பயன்படுத்தத் தயங்குகின்றனர். இக்கருவி பயன்படுத்தப்படாததைக் காரணம் காட்டி, 2019இல் அமெரிக்கா இந்தியக் கடலில் பிடிக்கப்படும் இறாலின் இறக்குமதியை நிறுத்தியது.

2025ஆம் ஆண்டு இறப்புகள்

2025 ஜனவரி மாதத்தில், சென்னையிலும் அதனை அடுத்துள்ள கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. கடலில் மூழ்கிய அல்லது வேறிடங்களில் ஒதுங்கிய உடல்கள் இக்கணக்கில் வாரா. உடல்களில் காணப்பட்ட பிதுங்கிய கண்கள், வீங்கிய கழுத்து போன்ற அறிகுறிகள் மூச்சுத்திணறலால் நேர்ந்த இறப்பைச் சுட்டின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இதனைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. கடற்பகுதியைக் கண்காணிப்பதற்காகத் தமிழ்நாடு அரசு, வனத்துறை, மீன்வளத்துறை, கடலோரக் காவல்படை உள்ளிட்டவற்றை உள்ளடக்கிய சிறப்புப் பணிக்குழுவை அமைத்தது. ஆண்டுதோறும் கரையில் நடந்து இறப்புகளைப் பதிவு செய்து வந்தவர்களின் முந்தைய கணக்குகள் இருந்தமையாலேயே, அவ்வாண்டின் எண்ணிக்கை வழக்கத்துக்கு மாறானது என்பதை விரைவில் உணர முடிந்தது.

கரையின் மாற்றம்

கடற்சுவர்கள், கருங்கல் தடுப்புகள், தூண்டில் வளைவுகள் போன்ற கட்டுமானங்கள் ஓரிடத்தில் மணலைச் சேர்த்து, அதற்கு வடக்கேயுள்ள கரையை அரிக்கச் செய்கின்றன. அரிக்கப்பட்ட கரையில் ஆமை கூடமைக்க இயலாது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர் தமிழகக் கடற்கரையில் அலைத்தடுப்புக்காகச் சவுக்கு மரங்கள் பரவலாக நடப்பட்டன. திறந்த மணற்பரப்பை இவை மூடுவதாலும், வேர்கள் மணலில் பரவுவதாலும், முட்டையிடும் கரைகளில் சவுக்கு நடுவதை ஆமை ஆய்வாளர்கள் எதிர்த்தனர்.

விவாதங்கள்

பொரிப்பகங்களின் பயன் குறித்துக் கடலாமை ஆய்வாளர்களிடையே நெடுநாளாக விவாதம் நடைபெறுகிறது. முட்டைகளை இட்ட இடத்திலேயே விட்டுப் பாதுகாப்பதே சிறந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கொள்கையாகும். இடமாற்றத்தின்போது முட்டைகள் சேதமடையலாம். பொரிப்பகத்தின் வெப்பநிலை பாலின விகிதத்தை மாற்றலாம். நோய்த்தொற்று ஒரே இடத்தில் பரவலாம். ஆனால் சென்னை போன்ற நகரக் கரையில் இட்ட இடத்திலேயே விடப்படும் கூட்டிலிருந்து குஞ்சுகள் கடலை அடையும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதால், இங்கு பொரிப்பகம் தவிர்க்க இயலாதது எனத் தன்னார்வலர்கள் கருதுகின்றனர்.

இரண்டாவது விவாதம் இதனினும் ஆழமானது. 1987இல் டெபோரா க்ரவுஸ், லாரி க்ரௌடர், ஹால் காஸ்வெல் ஆகியோர் வட அமெரிக்காவின் பெருந்தலை ஆமைகளைக் குறித்து வெளியிட்ட கணித ஆய்வு, ஒவ்வொரு வாழ்க்கைக் கட்டத்திலும் இறப்பு விகிதம் மாறினால் ஆமைத்தொகை எவ்வாறு மாறும் எனக் கணக்கிட்டது. முட்டைகளை முழுமையாகப் பாதுகாத்தாலும், வளர்ந்த மற்றும் வளரும் பருவ ஆமைகளின் இறப்பு குறையாவிடில் ஆமைத்தொகை தொடர்ந்து வீழும் என்பது அதன் முடிவாகும். இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஆயிரம் குஞ்சுகளுக்கு ஒன்று முதிர்ச்சியடைகிறது எனக் கொள்வோம். ஒரு கூட்டிலிருந்து நூறு குஞ்சுகள் கடலை அடைந்தாலும், மடியில் இறக்கும் ஒரு வளர்ந்த ஆமையை ஈடுசெய்யப் பத்துக் கூடுகள் தேவைப்படும். இறந்தது பெண் ஆமையாயின், குஞ்சுகளில் பாதி ஆண் என்பதால், இருபது கூடுகள் வேண்டும். அதுவும் பத்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே ஈடாகும்.

இக்கணக்கின்படி, ஒரு பருவத்தில் ஆயிரம் ஆமைகள் இறந்தால், அவ்விழப்பை ஈடுசெய்வது ஒரு நகரத்தின் பொரிப்பகங்களால் இயலாத செயலாகும். மாணவர் வலையமைப்பைச் சார்ந்தோரும் இதனை மறுப்பதில்லை. முட்டைகளைக் காப்பதுடன், கடலில் நிகழும் இறப்பைக் கணக்கிட்டு வெளிப்படுத்துவதும், அதனைத் தடுக்கக் கோரும் மக்கள்திரளை உருவாக்குவதும் நடையின் பயன்களாகக் கருதப்படுகின்றன. ஆமைகளைக் காப்பாற்றும் முடிவுகள் மீன்பிடித் துறைமுகங்களிலும் அரசு அலுவலகங்களிலும் எடுக்கப்படுபவை. அம்முடிவுகளைக் கேட்டுப் பெறுவதற்கு, கடலாமை தம் ஊரின் கரையில் வாழ்கிறது என்பதை அறிந்த மக்கள் தேவை.

பொதுமக்கள் கடைப்பிடிக்க வேண்டியவை

முட்டையிடும் பருவத்தில் கடற்கரைக்குச் செல்வோர் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்குமாறு தன்னார்வக் குழுக்கள் கேட்டுக்கொள்கின்றன.

- கரையேறும் ஆமையின் முன்னே செல்லக்கூடாது. அசையாமல் தொலைவில் நிற்க வேண்டும்.
- கைவிளக்கு, கைப்பேசி விளக்கு, ஒளிப்படக் கருவியின் மின்னொளி ஆகியவற்றைப் பயன்படுத்தக்கூடாது.
- கூட்டைத் தாமே தோண்டக்கூடாது. வனத்துறைக்கோ தன்னார்வக் குழுவுக்கோ தெரிவித்து, தடம் அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.
- திசைமாறிய குஞ்சுகளைக் கண்டால், அருகிலுள்ள விளக்குகளை அணைத்து, ஈரமணல் பகுதியில் விட்டுத் தாமே கடலுக்குச் செல்ல விட வேண்டும். குடிநீரிலோ வாளியிலோ இடக்கூடாது.
- கரையில் தனியாகக் கிடக்கும் காயமுற்ற ஆமையைக் கடலுக்குள் தள்ளிவிடக்கூடாது. நீந்த இயலாத ஆமை நீரில் மூழ்கி இறக்கும். நிழலில் ஈரத்துணி போர்த்தி வைத்து உதவி கோர வேண்டும்.
- கடற்கரையை ஒட்டிய வீடுகளில் கடலை நோக்கிய வெளிவிளக்குகளை இரவில் அணைத்து வைப்பதும், திரையிடுவதும் பயனளிக்கும்.